நான்கு மைக்ரான்

நான் தனியாகச் சிரிக்கிறேன் என்று நீங்கள் நினைப்பது சரிதான். காந்திபுரத்தில் ஏறியதிலிருந்து மூன்று முறை சிரித்துவிட்டேன். மூன்று முறையும் நீங்கள் உங்கள் பையை இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கமாக நகர்த்திக்கொண்டீர்கள். பயப்பட வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. என் பெயர் பூங்கோதை. கணபதி பகுதியில் ஒரு பம்ப் கம்பெனியில், தரப் பரிசோதனைப் பிரிவில் இருபத்தாறு ஆண்டுகளாக வேலை செய்கிறேன். இந்த இருபத்தாறு ஆண்டுகளில் நான் சத்தம் வரச் சிரித்து அங்கே ஒருவரும் பார்த்ததில்லை. கடந்த ஒரு மாதமாகத்தான் இந்தத் தொல்லை. எங்கிருந்து வருகிறது என்று தெரிவதில்லை, வந்துவிடுகிறது.

நான் விஜயமங்கலத்தில் இறங்க வேண்டும். இன்னும் ஒரு மணி நேரத்துக்கு மேல் இருக்கிறது. கேட்கிறீர்களா, சொல்கிறேன். நான் எழுதி வைத்ததைப் படிப்பதுபோலப் பேசுவேன் என்று எல்லாரும் கேலி செய்வார்கள். அறிக்கை எழுதி எழுதி வந்த பழக்கம். அதை மட்டும் பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயம் நான்கு ஆணிகளைப் பற்றியது.

முதலில் என் வேலையைச் சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால் மற்றது விளங்காது. லேத் இயந்திரத்தில் கடைந்து வரும் ஷாஃப்ட்டுகளை, பம்புக்குள் சுழலும் இரும்புத் தண்டுகளை, நான் அளந்து பார்ப்பேன். இருபத்தைந்து மில்லிமீட்டர் என்று வரைபடம் சொன்னால், எவ்வளவு கூடலாம், எவ்வளவு குறையலாம் என்பதையும் அதே வரைபடம் சொல்லிவிடும். அந்த எல்லைக்குள் இருந்தால் பச்சைச் சீட்டு. எல்லையைத் தாண்டினால் சிவப்புச் சீட்டு. இடையில் வேறு நிறம் கிடையாது. எங்கள் கணக்கெல்லாம் மைக்ரானில். ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் ஒன்று. உங்கள் தலைமுடி ஒன்று ஏறக்குறைய எண்பது மைக்ரான் இருக்கும். பிடுங்க வேண்டாம், சும்மா சொன்னேன்.

சிவப்புச் சீட்டு விழுந்த பொருளுக்கு ஒரே ஒரு வழி உண்டு. டீவியேஷன் என்று ஒரு படிவம். ‘இவ்வளவு பிசகிவிட்டது, இன்ன காரணத்தால் ஏற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு ஃபோர்மேன் எழுதிக் கேட்க வேண்டும். அதில் நான் கையெழுத்திட்டால் பொருள் போகும். நான் இட்டதில்லை. ஒரு முறைகூட இட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லவில்லை, உள்ளதைச் சொல்கிறேன்.

எனக்குத் திருமணம் ஆகவில்லை. அதற்கும் இதற்கும் தொடர்பில்லை. நீங்கள் என் கழுத்தைப் பார்த்தீர்கள், அதனால் சொன்னேன். வரன்கள் வந்தன. ஒவ்வொன்றிலும் ஏதோ ஒன்று எல்லையைத் தாண்டியிருந்தது.

லேத் பிரிவின் ஃபோர்மேன் சென்னியப்பன். மனைவி தவறி ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. பிள்ளை இல்லை. பத்தொன்பது ஆண்டுகளாக அந்தப் பிரிவை நடத்துகிறார். இந்தப் பத்தொன்பது ஆண்டுகளில் அவர் எழுதிக் கேட்ட டீவியேஷன் படிவங்கள் நூற்றுப்பன்னிரண்டு. கையெழுத்து கோழிக் கிறுக்கல். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஒரு வரி எழுதினால் போதும். அவர் கட்டத்தைத் தாண்டி, ஓரத்தில் ஏறி, படிவத்தின் பின்புறம்வரை கதை எழுதுவார். மின்சாரம் போய்ப் போய் வந்தது என்பார். வந்த கம்பியே சரியில்லை என்பார். அவருக்கு மிகவும் பிடித்த காரணம் எங்கள் அறையின் ஏ.சி. ‘வெயிலில் சரியாக இருந்த ஷாஃப்ட்டைக் குளிரில் கொண்டுபோய் அளந்தால் அது சுருங்காமல் என்ன செய்யும்’ என்று பதினேழு படிவங்களில் எழுதியிருக்கிறார். படிவங்களை ஐந்து ஆண்டு வைத்திருந்தால் போதும் என்பது விதி. நான் நூற்றுப்பன்னிரண்டையும் வைத்திருக்கிறேன். அலமாரியில் இடம் இருந்தது.

இனிப் பந்தயம்.

ஆயுத பூஜை அன்று காலையில் எங்கள் கேன்டீனில் மரக்கார் பந்தயம் நடக்கும். நீளமான சரிவு ஒன்று போடுவார்கள், நாற்பது அடி, மூன்று தடம். ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மரக்கட்டை, நான்கு பிளாஸ்டிக் சக்கரம், ஐந்து ஆணி. நான்கு ஆணி அச்சுக்கு, ஒன்று உபரி. கட்டையைச் செதுக்கிக் காராக்கி, ஆணியில் சக்கரத்தைக் கோத்து, மேலிருந்து விட வேண்டும். மோட்டார் கிடையாது, சரிவுதான் இழுக்கும். வெல்லும் காரைத்தான் பூஜையில் எல்லா இயந்திரங்களுக்கும் முன்னால் வைத்து, அதற்குத்தான் முதல் கற்பூரம் காட்டுவார்கள். ஆறு ஆண்டுகளாக அந்தக் கற்பூரம் லேத் பிரிவின் காருக்குத்தான்.

பரிசோதனைப் பிரிவு அதில் சேர்ந்ததே இல்லை. பந்தயத்தன்று காலையில் எல்லாக் கார்களையும் அளந்து ‘ஓடலாம்’ என்று சொல்வது எங்கள் வேலை. விதிகளை எழுதியதும் நான்தான். எடை இவ்வளவு, நீளம் இவ்வளவு. அச்சின் தடிமன் இரண்டு புள்ளி ஒன்று ஐந்து மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. ஒரு முறை யாரோ அச்சை ஊசிபோல் அராவி, அது ஓட்டத்தில் வளைந்து, கார் தடத்தை விட்டுப் பறந்து சாம்பார் வாளிக்குள் விழுந்தது. அதற்குப் பிறகு வந்த விதி அது.

ஆகஸ்ட் மாதம் முதல் வாரம். லேத் பிரிவிலிருந்து வந்த நாற்பது ஷாஃப்ட்டுகளுக்குச் சிவப்புச் சீட்டு ஒட்டினேன். சென்னியப்பன் வந்தார். சண்டை போடுவார் என்று எதிர்பார்த்தேன், போடவில்லை. எங்கள் அறையின் முகப்பு மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றிக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க மேடம், ஒண்ணு கேக்கறனுங்க, கோவிச்சுக்காதீங்க. இருவத்தாறு வருசமா அடுத்தவன் செஞ்சதுல நொட்டை சொல்றீங்க. உங்க கையால ஒரே ஒரு சாமான், ஒரே ஒண்ணு, செஞ்சிருக்கீங்களா?”

நான் ஏற்கெனவே அளந்த ஷாஃப்ட்டையே எடுத்து மறுபடி அளந்தேன். அதைப் பார்த்து அவரே திகைத்துப்போய்த் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். என் கையால் என்ன செய்திருக்கிறேன்? ரசம் செய்கிறேன், அது ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிறது. அறிக்கை எழுதுகிறேன், அது இன்னொருவர் செய்ததைப் பற்றியது. ஐம்பத்தொரு வயதாகிறது. இது என் கை செய்தது என்று மேசைமேல் வைத்துக் காட்ட ஒரு பொருள் இல்லை. மறுநாள் மேலாளர் வரதராஜுலுவிடம் போய், பரிசோதனைப் பிரிவும் பந்தயத்தில் சேர்கிறது என்று சொன்னேன். அவர் இரண்டு முறை கேட்டார். இரண்டு முறையும் அதையே சொன்னேன்.

கற்பூரத்தின்மேல் எனக்கு ஆசையில்லை. என் கை செய்த ஒரு பொருள் எல்லைக்குள் நிற்க வேண்டும், ஓட வேண்டும், அதை அந்த மனிதர் பார்க்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

என்னுடன் வேலை செய்யும் ஜெசிந்தா மரத்தைப் பார்த்துக்கொண்டாள். சின்னப் பெண், போன ஆண்டு சேர்ந்தவள், உளியை நன்றாகப் பிடிப்பாள். அச்சு என் பொறுப்பு. வேகம் மரத்தில் இல்லை, அம்மா, அச்சில் இருக்கிறது. சக்கரம் அச்சின்மேல் உரசும் இடம் எவ்வளவு வழுவழுப்போ அவ்வளவு வேகம். கொடுக்கப்படும் ஆணியோ சாதாரண ஆணி. தலைக்கு அடியில் பிசிறு இருக்கும். தண்டில் வரிவரியாகக் கோடு ஓடும். கண்ணுக்குத் தெரியாது. விரலுக்கும் தெரியாது. சக்கரத்துக்குத் தெரியும்.

என் சமையலறை மேடையில் ஒரு கை டிரில்லைக் கிளாம்ப் போட்டு நிறுத்தினேன். அதன் வாயில் ஆணியைப் பிடித்துச் சுழலவிட்டு, முதலில் சிறு அரத்தால் பிசிறை எடுத்தேன். பிறகு இரும்பைத் தேய்க்கும் எமரித் தாளை ரிப்பன் போல் மெல்லியதாக வெட்டி, சுழலும் ஆணிமேல் போட்டு இரண்டு முனைகளையும் பிடித்து இழுக்க வேண்டும். நானூறு நம்பர், பிறகு அறுநூறு. நம்பர் ஏற ஏறத் தாள் மென்மையாகும். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதி வைத்தேன். சக்கரத்தைக் கோத்து விரலால் ஒரு தட்டுத் தட்டி, எத்தனை நொடி சுற்றுகிறது என்று பார்த்தேன். தேய்க்காத ஆணியில் ஒன்பது நொடி. அறுநூறு நம்பருக்குப் பிறகு பதினேழு.

பதினேழு என்று பார்த்ததும் நான் சமையலறையில் கை தட்டினேன். யாரும் இல்லை, நானே தட்டி நானே கேட்டுக்கொண்டேன்.

அந்த வாரம் ஒரு நாள் என் மேசைமேல் செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம் ஒன்று இருந்தது. பிரித்தால், ஆயிரம் நம்பர் எமரித் தாள், ஆறு. எங்கள் ஸ்டோரில் அது கிடையாது. யார் வைத்தது என்று விசாரித்தேன். சென்னியப்பன் வைத்ததாகச் சொன்னார்கள். எனக்கு உடனே புரிந்துவிட்டது. எதிரணி எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஒரு தந்திரம். நான் தாளை எடுத்துக்கொண்டேன். ஆனால் நன்றி சொல்லவில்லை.

மறுநாள் நான்கு மணிக்கு அவரே வந்தார். வறட்டுத் தேய்ப்புத் தேய்க்க வேண்டாம், சோப்புத் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கோடு விழாது என்று சொல்லிவிட்டுப் போனார். எதிராளியின் யோசனை அல்லவா, சந்தேகத்தோடு ஓர் ஆணியில் மட்டும் செய்து பார்த்தேன். இருபத்தாறு நொடி. எதிராளி சரியான யோசனை சொல்வது எவ்வளவு ஆபத்தான அறிகுறி என்று ஜெசிந்தாவிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு அவர் தினமும் வந்தார். நான்கு மணி என்றால் நான்கு மணி. ஒரு நாள் ஆயிரத்து ஐந்நூறு நம்பர் தாள் கொண்டுவந்தார். இன்னொரு நாள் இரண்டாயிரம். கார்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் இடத்தில் மட்டுமே கிடைக்கும் மூவாயிரம் நம்பர் தாளைப் போத்தனூர்வரை போய் வாங்கிவந்ததாகப் பேச்சுவாக்கில் உளறிவிட்டார். ஒரு வேவு வேலைக்காக எவ்வளவு தூரம் போகிறார் பாருங்கள். ஜெசிந்தாவுக்கு இதெல்லாம் புரியவில்லை. சின்னப் பெண்தானே.

“மேடம், லேத்துல இருந்து இப்பல்லாம் ரிஜெக்டே வர்றதில்ல. எல்லாம் பச்சைச் சீட்டு. அப்புறமும் ஃபோர்மேன் தினம் இங்க வந்து நிக்கறாரே, எதுக்கு?”

வேவு பார்க்கத்தான் என்றேன். அவள் இருமத் தொடங்கிவிட்டாள். எமரித் தூள் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை.

இந்தப் பேருந்தே மெதுவாகப் போகிறதா, எனக்கு மட்டும் அப்படித் தோன்றுகிறதா? கருமத்தம்பட்டிதானே இது. சரி.

செப்டம்பர் வந்தது. எனக்கு என்னவோ ஆகிவிட்டது. ஐந்து மணி அடித்தால் வீட்டுக்கு ஓடினேன். ரசம் இரண்டு முறை வற்றிப் பாத்திரம் கருகியது. ஆணியைச் சுழலவிட்டுத் தாளை இழுக்கும்போது பாட்டு வந்தது. எனக்குப் பாட்டு வராது, ஆனாலும் வந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். மூவாயிரம் முடிந்த அன்று ஆணியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அதில் என் முகம் தெரிந்தது. மெல்லிய கோடுபோல, நீளமாக, இருபது வயதுக்காரி முகம்போலத் தெரிந்தது. நாற்பத்து நான்கு நொடி. நாற்பத்து நான்கு.

அதோடு நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. வெள்ளிக் குத்துவிளக்கை விபூதி போட்டுத் துலக்குவோம் அல்லவா? விளக்குக்கு வரும் பளபளப்பு அச்சுக்கு ஏன் வரக் கூடாது என்று தோன்றிவிட்டது. உலோகத்துக்குப் போடும் மெருகுப் பசையில் விபூதியைக் குழைத்து, பழைய பருத்தித் துணியில் தடவி, மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்தேன். ஐம்பத்திரண்டு நொடி. வலது முன்சக்கரத்தின் அச்சு மட்டும் ஐம்பத்தெட்டு. அது என் செல்லம். சும்மா கையில் எடுத்தால்கூட இன்னும் இரண்டு தேய்ப்புத் தேய்த்து வைப்பேன்.

அந்த மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் நான் அளக்கவில்லை.

ஏன் அளக்கவில்லை என்று கேட்காதீர்கள். விபூதி இரும்பைக் குறைக்காது என்று நினைத்தேனோ என்னவோ. வாழைப்பழத்தை வாங்கினால்கூட அளந்து பார்க்கும் பெண் என்று என்னைச் சொல்வார்கள். அளக்கத் தோன்றவில்லை. சந்தோஷமாக இருந்தேன்.

ஆயுத பூஜை நாள். காலை எட்டு மணிக்கு எங்கள் அறையில் ஒன்பது கார்களும் வரிசையாக நின்றன. பத்தரை மணிக்கு மைக்ரோமீட்டர், கேஜ் எல்லாவற்றையும் பூஜையில் வைத்துவிடுவோம். சந்தனம், குங்குமம் வைத்த பிறகு மறுநாள் காலைவரை அளவுக் கருவிகளைத் தொடக் கூடாது. அதனால் எது சொல்வதானாலும் பத்தரைக்குள் சொல்லிவிட வேண்டும். எட்டுக் கார்களை அளந்தேன். எட்டும் சரி. ஒன்பதாவது என்னுடையது.

முதல் அச்சு சரி. இரண்டாவது, மூன்றாவது சரி. நான்காவதாக என் செல்லம். இரண்டு புள்ளி ஒன்று நான்கு ஆறு.

எல்லை, இரண்டு புள்ளி ஒன்று ஐந்து. நான்கு மைக்ரான் குறைவு. தலைமுடியில் இருபதில் ஒரு பங்கு.

மைக்ரோமீட்டரின் வாயைத் துடைத்துவிட்டு மறுபடி அளந்தேன். அதே அளவு. ஆணியைத் திருப்பிப் பிடித்து அளந்தேன். அதே அளவு. வேறு மைக்ரோமீட்டர் கொண்டுவரச் சொன்னேன். அதே அளவு. பிறகு நான் ஒரு காரியம் செய்தேன்; உங்களிடம் சொல்வதற்கென்ன. “ஜெசிந்தா, அந்த ஏ.சி.யைக் கொஞ்சம் நிறுத்து” என்றேன்.

சொல்லி முடித்த பிறகுதான் என் காதிலேயே அது விழுந்தது. துடைத்து அளந்து பாருங்கள், திருப்பி அளந்து பாருங்கள், வேறு கருவியில் அளந்து பாருங்கள், ஏ.சி.யை நிறுத்துங்கள். இருபத்தாறு ஆண்டுகளாக என் மேசைக்கு முன்னால் நின்று ஆண்கள் கெஞ்சிய சொற்கள். ஒவ்வொன்றாக, வரிசை மாறாமல், என்னிடமிருந்தே வந்திருந்தன. அழுகை வருகிறது என்று நினைத்தேன். சிரிப்பு. அடக்கிக்கொண்டேன்.

ஜெசிந்தா குரலைத் தாழ்த்தி, யாருக்கும் தெரியாது மேடம் என்றாள். எனக்குத் தெரியுமே என்றேன். சிவப்புச் சீட்டை எடுத்து, தேதி எழுதி, அளவு எழுதி, என் காரின்மேல் நானே ஒட்டினேன். உபரி ஆணியைப் போட்டு ஓட்டலாம்; அது தேய்க்காத ஆணி, ஒன்பது நொடி ஆணி. மூன்று கால் குதிரைக்கு நான்காவது காலாக உலக்கையைக் கட்டியதுபோல் இருக்கும். அப்படி ஓட்டுவதைவிட ஓட்டாமலே இருக்கலாம் என்று உட்கார்ந்துவிட்டேன். அப்போது மணி ஒன்பதே முக்கால்.

பரிசோதனை மேடம் தன் காருக்கே சிவப்புச் சீட்டு ஒட்டிவிட்டாள் என்ற செய்தி ஷெட் முழுவதும் போய்விட்டது. கூட்டமாக வந்து கண்ணாடிக்கு வெளியே நின்றார்கள். இத்தனை ஆண்டுகள் நான் சிவப்புச் சீட்டு ஒட்டிய அத்தனை பேரும் இருந்தார்கள். ஒருவர்கூடச் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சென்னியப்பன் உள்ளே வந்தார். ஆணியை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். மெதுவாகத் திருப்பினார். இன்னொரு முறை திருப்பினார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியவில்லை. பிறகு முகப்பு மேசையிலிருந்து டீவியேஷன் படிவம் ஒன்றை எடுத்து, நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து எழுதத் தொடங்கினார்.

நான் தடுத்தேன். பொருளைச் செய்த பிரிவின் ஃபோர்மேன்தான் கேட்க முடியும். இது உங்கள் பிரிவு செய்தது அல்ல என்றேன்.

“உங்க பிரிவுக்கு ஃபோர்மேன் இல்லீங்களே. ஒரு சாமானச் செஞ்சா அதுக்காவ யாராச்சும் ஒருத்தர் வந்து கேக்கோணுமில்லீங்க. நான் கேக்கறன்.”

எழுதி என் முன் நகர்த்தினார். பொருள்: அச்சு. எண்ணிக்கை: ஒன்று. குறைவு: நான்கு மைக்ரான். காரணம் என்ற கட்டத்தைப் பார்த்தேன். நூற்றுப்பன்னிரண்டு படிவங்களில் கதை கதையாக எழுதிய மனிதர் இதில் மூன்றே சொற்கள் எழுதியிருந்தார். ‘நல்லா செஞ்சது. போகட்டும்.’ கட்டத்தில் பாதி காலியாக இருந்தது.

நான் செய்த பொருளுக்கு நானே கையெழுத்திடுவது முறையல்ல என்றேன். மற்ற எல்லாப் பிரிவு ஃபோர்மேன்களும் ஆட்சேபணை இல்லை என்று கீழே எழுதித் தந்தால்தான் யோசிப்பேன் என்றேன். அதோடு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். படிவத்தை எடுத்துக்கொண்டு ஓடினார். ஐம்பத்து நான்கு வயது மனிதர் ஓடினார், அம்மா. செருப்பு ஒன்று வாசலிலேயே கழன்றுவிட்டது, அதை விட்டுவிட்டு ஓடினார். இரும்பு வார்க்கும் ஃபவுண்டரிப் பிரிவின் ஃபோர்மேன், “ஏப்பா சென்னியப்பா, ஆறு வருசக் கற்பூரத்த நீயே ஊதி அணைக்கறயா?” என்று கேட்டாராம். பேசாமல் கையெழுத்துப் போடுங்க என்று இவர் சொன்னாராம். பத்து மணி பத்து நிமிடத்துக்கு எல்லாருடைய கையெழுத்தோடும் திரும்பி வந்தார். மூச்சு வாங்கியது. பேனாவை என் பக்கம் திருப்பி வைத்தார்.

“பத்தொம்பது வருசமா எழுதி எழுதிக் கேக்கறனுங்க. ஒரே ஒருக்கா, சரின்னு போடுங்க.”

நான் அவரைப் பார்த்தேன். நெற்றியில் வியர்வை. சட்டைப் பையில் எமரித் தாள் செருகிச் செருகி அந்த இடம் மட்டும் நூல் பிரிந்து வெளுத்திருந்தது. அதை அன்றுதான் கவனித்தேன். சீருடையை இப்படியா வைத்துக்கொள்வது என்று நினைத்துக்கொண்டே கையெழுத்திட்டேன். என் பெயர் கொஞ்சம் கோணலாக விழுந்தது. பச்சைச் சீட்டை எடுத்துச் சிவப்பின்மேல் ஒட்டினேன். கண்ணாடிக்கு வெளியே யாரோ விசில் அடித்தார்கள்.

பிறகு நடந்ததைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன், அவிநாசி தாண்டிவிட்டோம்.

மூன்று மூன்று காராக விட்டார்கள். எங்கள் கார் முதல் சுற்றில் வந்த வேகத்தைப் பார்த்து மேலாளர் கடிகாரத்தைத் தட்டிப் பார்த்தார். இறுதிச் சுற்றில் ஃபவுண்டரி, எப்படியோ தப்பித்து வந்த லேத், நாங்கள். மேலே கார்களை மறித்திருந்த கட்டையைத் தூக்கினார்கள். என் கார் இறங்கியது. சத்தமே இல்லை. மற்ற கார்கள் தடதடவென்று வரும். என் கார் துணிமேல் துணி நழுவுவதுபோல வந்தது. மூன்று புள்ளி நான்கு இரண்டு நொடி. லேத் பிரிவின் ஆறு ஆண்டுச் சாதனையே மூன்று புள்ளி ஐந்து ஒன்றுதான். அன்று அவர்களுடைய கார் மூன்று புள்ளி ஏழு நொடிக்கும் மேல் எடுத்து, மூன்றாவதாக வந்தது.

அப்போது கேன்டீனில் எல்லாரையும்விடச் சத்தமாகக் கத்தியவர் யார் தெரியுமா? சென்னியப்பன். தோற்றவர் எதற்குக் கத்த வேண்டும்? அதிர்ச்சியில் கத்தியிருப்பார்.

நான் விடவில்லை. ஏன் இப்படி மெதுவாக வந்தது என்று அவருடைய காரைக் கவிழ்த்துப் பார்த்தேன். காலையில் தடிமனை மட்டும்தான் அளந்திருந்தேன். பிசிறைப் பற்றி விதி ஒன்றும் இல்லை. அச்சுகளின் தலைக்கு அடியில் பிசிறு அப்படியே இருந்தது. தண்டில் கோடு, வாங்கியபோது இருந்த கோடு, அப்படியே. ஒரு தேய்ப்புக்கூடத் தேய்க்கவில்லை. என்ன இது என்று கேட்டேன். எமரித் தாள் தீர்ந்துபோச்சுங்க என்றார். பத்தொன்பது ஆண்டு ஃபோர்மேன். ஒரு தாளை முன்கூட்டி வாங்கி வைத்துக்கொள்ளத் தெரியவில்லை. எல்லாருக்கும் முன்னால் வைத்துக் கண்டித்தேன். தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். தோள் இரண்டும் குலுங்கின. பாவம், வெட்கம்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். பூஜையில் என் காரை முன்னால் வைத்தபோது அவர்தான் அதன் மூக்கில் குங்குமம் வைத்தார். வைத்துவிட்டு, லேத் பிரிவு ஆட்களைக் கிட்டே கூப்பிட்டு, வலது முன்சக்கரத்தை ஒரு விரலால் தட்டிவிட்டார். அது சுற்றிக்கொண்டே இருந்தது. கற்பூரம் காட்ட வந்தவரும் தட்டோடு நின்றுவிட்டார்.

“பாத்துக்கங்கடா. இதுக்குப் பேருதான் செஞ்ச சாமான்.”

அங்கேதான், அம்மா, அத்தனை பேருக்கும் முன்னால், சாம்பிராணிப் புகைக்கு நடுவில், எனக்கு முதல் சிரிப்பு வந்தது. சத்தமாக. நிறுத்த முடியவில்லை.

இன்றைக்கு எங்கே போகிறேன் என்றுதானே கேட்கிறீர்கள்? அடுத்த ஆண்டுக் காருக்கு மரம் பார்க்க. விஜயமங்கலத்தில் சென்னியப்பனின் அக்கா வீட்டில் பழைய தேக்குப் பலகை ஒன்று இருக்கிறதாம். ஏழு அங்குலக் கட்டைதானே வேண்டும், நீங்களே அறுத்துக்கொண்டு வரலாமே என்றேன். பலகையை நேரில் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுதான் முறை என்றார். அதில் நியாயம் இருந்தது. அக்காவும் என்னை ஒருக்கா பார்க்க வேண்டும் என்கிறாராம். பலகை பார்க்கத்தானே வருகிறேன், என்னை எதற்குப் பார்க்க வேண்டும் என்று கேட்டேன். சும்மாதானுங்க என்றார். விருந்தாம். அக்கம்பக்கத்திலிருந்து பங்காளிகளும் வருகிறார்களாம். ஒரு பலகைக்கு இத்தனை பேரா என்று எனக்கே வியப்பாகத்தான் இருக்கிறது. அந்த ஊரில் மரத்தை அப்படி மதிப்பார்கள்போல.

பட்டுச் சேலையா? மற்ற சேலைகளைத் துவைக்கப் போட்டிருந்தேன்.

அதோ, முன்னால் மூன்றாவது இருக்கை. வெள்ளைச் சட்டை, புதிது, மடிப்புக்கூடக் கலையவில்லை. இரண்டு நிமிடத்துக்கு ஒரு முறை திரும்பிப் பார்க்கிறாரே, அவர்தான். பெண்கள் இருக்கையில் இடம் இருக்கிறது, நீங்கள் அங்கே சௌகரியமாக உட்காருங்கள் என்று என்னிடம் சொல்லிவிட்டு முன்னால் போய்விட்டார். எழுந்து நிற்கிறார் பாருங்கள். நிறுத்தம் வந்துவிட்டது. நான் இறங்க வேண்டும்.

என்ன இது? ஜாதிமல்லியா? வேண்டாம், வேண்டாம், நீங்கள் உங்களுக்காக வாங்கியது. பலகை பார்க்கப் போகிறவளுக்குப் பூ எதற்கு? நீங்கள் ஏன் இப்படிச் சிரிக்கிறீர்கள்? சரி, வையுங்கள். சீக்கிரம் வையுங்கள், கண்டக்டர் விசில் அடிக்கப் போகிறார். பேருந்து ஆடுகிறது, நேராக வைக்க வரவில்லையா?

இருக்கட்டும். ஒரு பக்கமாகத்தானே சாய்ந்திருக்கிறது. இருக்கட்டும், விடுங்கள்.